ஊரா, சென்னையா, வெளிநாடா? பியானோ மேடையை விரும்பும் ஒரு பெண்ணுக்காக

என் அக்கா மகள் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் எங்கள் கோயிலில் ஞாயிறு திருப்பலிக்குக் கீபோர்டு வாசிக்கிறாள். வயது 15. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரத்திலேயே மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கியது. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. மச்சானும் வீட்டில் இருந்தார். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, தான் பியானோ கலைஞராக வேண்டும் என்று அவள் சொன்னாள். கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டு வாசிப்பதை அவள் சொல்லவில்லை. பாக், பீத்தோவன், ஷோபன் என்று மேற்கத்திய மேதைகளின் இசையை மேடையில் தனியாக உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வாசிக்கிறார்களே, அந்த வாழ்க்கையைச் சொன்னாள்.

மச்சான் மறுக்கவில்லை. எங்கே படிக்க வேண்டும், எத்தனை வருடம், முடிவில் என்ன வேலை என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றும் நியாயமான கேள்விகள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்து முதல் ஸ்கேல் பழக்கியவன் நான்தான். பதில் சொல்லும் கடமையும் எனக்குத்தான்.

வீட்டில் பேச்சு நான்காகப் பிரிந்தது. அக்காவுக்கு மகள் பிளஸ் டூ வரையாவது கண் முன்னே இருக்க வேண்டும். எட்டுப் படிகளாக நடக்கும் கிரேடு இசைத் தேர்வுகளை இங்கிருந்தே எழுதட்டும் என்கிறாள். நான் சென்னை என்றேன். துபாயில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர், செய்வதைத் திருந்தச் செய்யுங்கள், பிளஸ் டூ முடிந்ததும் நேராக ஜெர்மனிக்கு அனுப்புங்கள் என்றார். மச்சானின் மனதில் இருந்தது பொறியியல். பியானோ பக்கத்தில் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். பாம்பனிலிருந்து மூக்கையூர் வரை பாடற்குழுக்களில் இதே ஆசையோடு பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்கும் பயன்படட்டும் என்றுதான் நான் யோசித்ததை எழுதுகிறேன்.

வழிகளை ஒப்பிடும் முன் அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாகசுரக்காரர் தம் வாத்தியத்தையும் சீவாளியையும் எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போகிறார். வீணை, வயலின் எல்லாம் அப்படித்தான். பியானோ கலைஞர் தம் இரண்டு கைகளை மட்டும் கொண்டுபோகிறார். எந்த அரங்கில் எந்தப் பியானோ இருக்கிறதோ, அதில் வாசிக்க வேண்டும். ஒன்றில் விரலால் அழுத்தும் கட்டை கனமாக இருக்கும், ஒன்றில் லேசாக இருக்கும். ஒன்றின் ஒலி கண்ணாடி மாதிரி, இன்னொன்று கம்பளி மாதிரி. பெரும் பியானோ கலைஞர்களான ஹோரோவிட்ஸும் கிரிஸ்டியன் ஸிமர்மனும் தங்கள் சொந்தப் பியானோவை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள். அந்த வசதி மிகச் சிலருக்குத்தான். ஆகவே புதிய வாத்தியத்தின் முன் உட்கார்ந்து சில நிமிடங்களில் அதைப் புரிந்துகொள்வது இந்தத் தொழிலில் பாதித் திறமை. கீபோர்டு ஒன்றையே தொட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய இடைவெளி என்பது எனக்குத் தெரியும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து, மேடை யாருக்கும் நிலையாக இருப்பதில்லை. கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1964-இல், 31 வயதில், மேடைக் கச்சேரிகளை முற்றிலும் நிறுத்திவிட்டு ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் போய்விட்டார். ஹோரோவிட்ஸ் 1953-இலிருந்து 1965 வரை 12 ஆண்டுகள் பொதுமேடை ஏறவில்லை. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷருக்கு 1960-களின் நடுவில், புகழின் உச்சியில், வலக்கை விரல்கள் சுருண்டு பணிய மறுத்தன. அவர் மாணவர்களுக்குக் கற்பித்தார், இசைக்குழுக்களை நடத்தினார், இடக்கைக்கு மட்டும் எழுதப்பட்ட உருப்படிகளை வாசித்தார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகே இரண்டு கைகளோடு மேடைக்குத் திரும்பினார். மேடை இல்லாத காலத்திலும் அவர் இசைக்கலைஞராகவே இருந்தார் என்பதை மச்சானுக்கு அழுத்திச் சொன்னேன்.

பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா என்று ஓர் உறவினர் கேட்டார். ஜெர்மன் பியானோ கலைஞர் கிளாரா ஷூமன் 1828-இல், ஒன்பது வயதில், லைப்சிக் நகரில் மேடை ஏறினார். எட்டுப் பிள்ளைகளைப் பெற்றார். கணவர் நோயில் விழுந்து இறந்த பிறகு கச்சேரி வருமானத்தில்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1878 முதல் பிராங்க்பர்ட்டில் ஆசிரியராகவும் இருந்தார். ஏறத்தாழ 60 ஆண்டுகள் நீண்ட மேடை வாழ்க்கை அவருடையது. அந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

போட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. போலந்தின் வார்சாவில் 1927-இல் தொடங்கிய ஷோபன் பியானோ போட்டி ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கிறது. 16 வயதிலிருந்து 30 வயது வரை உள்ளவர்கள் கலந்துகொள்ளலாம். 2025-இல் எரிக் லூ முதல் பரிசு பெற்றார். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து வயதில் தொடங்கியவர்கள். என் அக்கா மகள் ஒன்பது வயதில், அதுவும் 61 கட்டை உள்ள கீபோர்டில் தொடங்கினாள். இப்போது ஆறாம் கிரேடுக்குத் தயாராகிறாள். அவள் பிந்தியவள். இதை அவளிடம் மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டு, “பிந்தியவர்கள் யாராவது வந்திருக்கிறார்களா, மாமா?” என்றாள். வந்திருக்கிறார்கள். பியானோ மேதை ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டர் மாஸ்கோ இசைக் கல்லூரிக்கு முறையாகப் படிக்கப் போனபோது வயது 22. அதற்கு முன் ஒடேசா என்ற கடலோர நகரத்தில் ஓபரா என்ற இசை நாடகங்களின் ஒத்திகைகளுக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். அவர் தந்தை தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். ஆனால் அந்த ஊரில் ஓர் ஓபரா அரங்கமும் வீட்டிலேயே தேர்ந்த ஓர் இசைஞரும் அவருக்கு இருந்தார்கள். நம் கரையில் நான் மட்டும்தான் இருக்கிறேன், நான் போதாது.

இப்போது வழிகளுக்கு வருகிறேன். ஒவ்வொரு வழியையும் நான் இரண்டே கேள்விகளால் அளக்கிறேன். கண்ணெதிரே உட்கார்ந்து கையைத் திருத்தும் ஆசிரியர் கிடைப்பாரா? தந்தி பூட்டிய உண்மையான பியானோவில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும்? கல்லூரியின் பெயர், கட்டடம், சான்றிதழ் எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான்.

ஊரிலேயே இருப்பதை எடுத்துக்கொள்வோம். அக்கா சொல்வதில் உண்மை உண்டு. வீட்டுச் சாப்பாடு, செலவில்லாத தங்குமிடம், ஞாயிறுதோறும் கோயிலில் வாசிக்கும் வாய்ப்பு. அந்த ஞாயிறு வாசிப்பைக் குறைவாக எண்ணக் கூடாது. பாடுகிறவர்கள் சுருதி இறங்கினாலும் தாளம் தப்பினாலும் அவர்களைத் தாங்கிக்கொண்டு போகும் பழக்கம் எந்தக் கல்லூரியிலும் எளிதில் கிடைக்காது. கிரேடு தேர்வுகளையும் இங்கிருந்து எழுதலாம். 2020-க்குப் பிறகு வாசிப்பைக் காணொளியாகப் பதிவு செய்து அனுப்பும் முறையும் வந்துவிட்டது. இந்தத் தேர்வுகளை நடத்தும் லண்டன் அமைப்புகளான டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இரண்டில் எது என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். டிரினிட்டியில் நூற்றுக்கு 60 தேர்ச்சி, 87 எடுத்தால் டிஸ்டிங்ஷன். ஏபிஆர்எஸ்எம்மில் 150-க்கு 100 தேர்ச்சி, 130 டிஸ்டிங்ஷன். அங்கே ஆறாம் கிரேடுக்குப் போகும் முன் ஐந்தாம் கிரேடு தியரி, அதாவது இசை இலக்கணத் தேர்வு, முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனாலேயே நம் பக்கத்துப் பிள்ளைகள் டிரினிட்டியை விரும்புகிறார்கள். மேடையை நோக்கிப் போகிறவள் தியரியை ஒத்திப்போடக் கூடாது என்பதால் நான் ஏபிஆர்எஸ்எம் பக்கம் நிற்கிறேன். ஆனால் எந்தத் தேர்வானாலும் ஒரு பள்ளம் இருக்கிறது: ஆண்டு முழுவதும் மூன்றே உருப்படிகளை அரைத்துக்கொண்டிருப்பது. எட்டு கிரேடு முடித்தும் 24 உருப்படிக்கு மேல் தெரியாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வாத்தியத்தில்தான் ஊர் வழி இடறுகிறது. மச்சான் பெருமனதோடு, படகுப் பங்கில் வரும் பணத்தில் ஒரு பியானோ வாங்கித் தருகிறேன் என்றார். நான் வேண்டாம் என்று சொன்னேன். அன்று அவருக்கு வருத்தம். தந்திப் பியானோவுக்குள் ஏறத்தாழ 230 எஃகுத் தந்திகள் இருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 20 டன்னுக்கு அருகில் வரும். அந்த இழுப்பைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம்; ஒலியைப் பெருக்குவது மெல்லிய மரப்பலகை. நம் காற்றில் உப்பு இருக்கிறது. வாசல் கதவின் கீல் எத்தனை மாதத்தில் துருப்பிடிக்கிறது என்று மச்சானுக்கே தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதிக் கட்டைகள் மாட்டிக்கொள்ளும். கோடையில் மரம் சுருங்கிச் சுருதி இறங்கும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது சுருதி சேர்க்க ஆள் வர வேண்டும். அப்படி ஒருவரைத் தங்கச்சிமடத்துக்கு வரவழைக்கும் செலவு, பியானோவின் விலையைவிட நீண்டகாலம் வலிக்கும். சுருதி கலைந்த பியானோவில் ஆண்டுக்கணக்கில் வாசித்தால் காதும் கலைந்துவிடும்.

ஆகவே வீட்டுக்கு டிஜிட்டல் பியானோதான் சரி. ஆனால் கீபோர்டு வேறு, டிஜிட்டல் பியானோ வேறு. கட்டைகள் 88 இருக்க வேண்டும். உள்ளே சுத்தியல் போன்ற எடை இருக்க வேண்டும், கீழ்ப்பக்கம் கனமாகவும் மேலே போகப் போக லேசாகவும். பெடலை அரைவாசி அழுத்தினால் அரைவாசி ஒலி நீள வேண்டும். வாசித்து முடித்ததும் துணி போட்டு மூட வேண்டும். கடலைப் பார்த்த ஜன்னல் அருகே வைக்கவே கூடாது. பயிற்சிக்கு இது போதும், விரல் பழகும். ஆனாலும் ஒரு தந்தியை அடித்தால் மற்றத் தந்திகள் கூடவே அதிர்வதும், ஓர் ஒலி அறையின் காற்றில் தேய்ந்து முடிவதும் உண்மையான பியானோவில் மட்டும்தான் காதுக்குக் கிடைக்கும்.

என் கதையை இங்கே சொல்ல வேண்டும். 17 வயதில் கிரேடு தேர்வுக்காக வெளியூர் போனேன். தேர்வறையில்தான் தந்திப் பியானோவை வாழ்க்கையில் முதல் முறை தொட்டேன். வீட்டுக் கீபோர்டில் விரலை வைத்தாலே ஒலிக்கும். அங்கே மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தில் விரலை மெதுவாக வைத்தேன். கட்டை இறங்கியது, ஒலி வரவில்லை. பயத்தில் அழுத்தினேன், அறை அதிர்ந்தது. பெடலை எப்போது எடுப்பது என்று தெரியாமல் மூன்று சுரக்கூட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பின. தேறவில்லை. யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் அருகில் இல்லை. பஸ்ஸில் பாம்பன் பாலம் ஏறும்வரை நான் வாய் திறக்கவில்லை. அந்த நாளை என் அக்கா மகள் பார்க்கக் கூடாது. இந்த ஒப்பீட்டில் என் சார்பு எங்கிருந்து வருகிறது என்று வாசிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் இதையும் எழுதினேன்.

வெளிநாட்டு வழியைச் சுருக்கமாகவே சொல்லலாம். துபாய் உறவினர் சொன்னதில் ஒன்று சரி: ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகளில் பெரும்பாலும் கல்விக்கட்டணம் கிடையாது. சில இடங்களில் உண்டு: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஆனால் விசாவுக்கு ஓர் ஆண்டின் வாழ்க்கைச் செலவை முடக்கிவைத்துக் காட்ட வேண்டும். 2024-இல் வந்த கணக்குப்படி அது 11,904 யூரோ. ஜெர்மன் மொழியும் வேண்டும். அமெரிக்காவில் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் கல்லூரியில் 1928-இலிருந்து யாரிடமும் கல்விக்கட்டணம் வாங்குவதில்லை. லாங் லாங்கும் யுஜா வாங்கும் அங்கே படித்தவர்கள்தான்.

பணம் அல்ல பெரிய தடை, நுழைவுத் தேர்வுதான். பாக்கின் ஒரு பிரிலூடும் ஃபியூகும், ஹைடன் அல்லது மோட்சார்ட் அல்லது பீத்தோவனின் ஒரு சொனாட்டா, ஷோபன் காலத்து உருப்படி ஒன்று, எட்யூட் என்ற பயிற்சி உருப்படி ஒன்று, இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது ஒன்று என்று பொதுவாகக் கேட்பார்கள். பெரும்பாலும் மனப்பாடமாக வாசிக்க வேண்டும். காதால் கேட்டு எழுதும் தேர்வும் தியரியும் தனி. தங்கச்சிமடத்தில் டிஜிட்டல் பியானோவோடு மட்டும் இருந்துகொண்டு இதற்குத் தயாராக முடியாது. அதாவது வெளிநாடு என்பது சென்னைக்கு மாற்று வழி இல்லை. சென்னைக்கு அடுத்த நிறுத்தம். வீட்டில் இதைச் சொன்னதும் பாதி வாக்குவாதம் ஓய்ந்தது.

சென்னை. ஏ. ஆர். ரகுமான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி அங்கே இருக்கிறது. மேற்கத்தியப் பியானோவை முறையாகப் படிக்கலாம். அங்கே படித்த லிடியன் நாதஸ்வரம் 2019-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பத்து லட்சம் டாலர் வென்றதை நம் வீடுகளில் எல்லாரும் பார்த்தோம். அவர் இசையமைப்பாளரின் வீட்டில் பிறந்தவர், சிறு வயதிலேயே வாத்தியங்களுக்கு நடுவில் வளர்ந்தவர். அந்த வேகத்தை எல்லாப் பிள்ளையிடமும் எதிர்பார்ப்பது கொடுமை. அண்ணா சாலையில் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் என்ற இசைக்கருவிக் கடை இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியக அரங்கில் மேற்கத்திய இசைக் கச்சேரிகள் நடக்கும், கேட்கப் போகலாம். வாசிக்கக் கற்பதில் பாதி கேட்கக் கற்பது; இந்தப் பெண் இதுவரை ஒரு பியானோ கச்சேரியையும் நேரில் கேட்டதில்லை.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியம், அங்கே தனியாகக் கற்பிக்கும் நல்ல ஆசிரியர்கள் இருப்பது. பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜாவுக்கு மேற்கத்திய இசையின் வாசலைத் திறந்தவர் மாஸ்டர் தன்ராஜ்; அது நடந்தது மயிலாப்பூரில் ஒரு விடுதி அறையில். நம் மாவட்டத்துக்கு இது புதிய செய்தியும் இல்லை. ராமநாதபுரத்துப் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரிடம் குருகுலமாகத் தங்கிப் படித்தவர்தான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். இன்று நாம் கேட்கும் கர்நாடகக் கச்சேரியின் அமைப்பே அவர் வகுத்தது என்பார்கள். அன்று இசை படிக்க ராமநாதபுரத்துக்கு வந்தார்கள். பியானோவுக்கு நாம் இங்கிருந்து போக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படிப் பார்த்தால் ஊரா, சென்னையா, வெளிநாடா என்ற கேள்வியே கரைந்துவிடுகிறது. சென்னைக்கு 15 வயதில் போவதா, 17 வயதில் போவதா என்பதே மிச்சம்.

கைக்கு 15தான் நல்லது. தவறான பழக்கம் இறுகும் முன் திருத்த வேண்டும். அவள் மணிக்கட்டு இப்போதே விறைப்பாக இருக்கிறது, அது நான் கவனிக்காமல் விட்ட பிழை. ஆனால் பெண்ணுக்கு? புதிய பள்ளியில் பிளஸ் ஒன், விடுதி, அம்மா இல்லாத வீடு, பியானோவுக்கு மாலையில் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்காக அவள் மற்ற 22 மணி நேரத்தையும் சுமக்க வேண்டும். ஊரைப் பிரிந்த துக்கத்தில் வாத்தியத்தையே வெறுத்துவிட்ட பிள்ளையை எனக்குத் தெரியும்.

என் தீர்ப்பு நடுவில் விழுகிறது. இரண்டு ஆண்டுகள் ஊரிலேயே பிளஸ் டூ. மாதம் இரண்டு முறை வெள்ளி இரவு ராமேஸ்வரத்தில் ரயில் ஏறுவது, சனிக்கிழமை முழுவதும் சென்னையில் ஆசிரியரிடம் தந்திப் பியானோவில் பாடம், அன்றிரவே ரயில், ஞாயிறு வீடு. பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பரில் மூடப்பட்டு, புதியது 2025 ஏப்ரலில் திறக்கும்வரை இந்த யோசனையே எழுந்திருக்காது. ரயிலைப் பிடிக்கவே கடலைத் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டியிருந்தது. பியானோ வாங்க மச்சான் ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதி டிஜிட்டல் பியானோவுக்கு, மீதி டிக்கெட்டுக்கும் பாடத்துக்கும். 17 வயதில் சென்னையில் முழுநேரப் படிப்பு. வெளிநாட்டை 20 வயதில் முடிவு செய்யலாம். அப்போது அவள் கையில் உருப்படிகளும் வாயில் கொஞ்சம் ஜெர்மனும் இருக்கும்.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. மாதம் இரண்டு நாள் பாடம், வாரம் ஒரு பாடத்துக்கு ஈடாகாது. பாடங்களுக்கு இடையில் பழைய பழக்கம் திரும்பிவரும். அதைத் தடுக்க, அவள் தினமும் பத்து நிமிட வாசிப்பைக் கைபேசியில் பதிவு செய்ய வேண்டும். கை தெரியும்படி பக்கவாட்டிலிருந்து. நான் பார்த்துச் சொல்வேன், ஆசிரியரும் பார்க்கலாம்.

மச்சானின் பொறியியலை நான் அலட்சியப்படுத்தவில்லை. கடலையே நம்பி வாழ்ந்தவருக்கு மாதச் சம்பளத்தின் அருமை தெரியும். ஆண்டில் 61 நாள் தொழில் இல்லாமல் இருப்பவருக்கு அது இன்னும் தெரியும். ஆனால் நாளுக்கு நான்கைந்து மணி நேரம் பியானோவும் பொறியியலும் ஒன்றாகப் போகாது. ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். கடைசியில் என்ன வேலை என்ற அவர் கேள்விக்கு நேரான பதில் இது: தனிமேடை வருமானத்தில் மட்டும் வாழும் பியானோ கலைஞர்கள் உலகத்திலேயே சிலர்தான். மற்றவர்கள் கற்பிக்கிறார்கள், பாடகருக்கும் வயலினுக்கும் துணை வாசிக்கிறார்கள், ஒலிப்பதிவில் வாசிக்கிறார்கள். சென்னையில் பியானோ கலைஞர் அனில் ஸ்ரீனிவாசன் பாடகர் சிக்கில் குருசரணோடு சேர்ந்து கர்நாடக இசைக்குப் பியானோவைக் கொண்டுவந்து தனக்கென ஒரு பாதை போட்டிருக்கிறார். முறையாகப் படித்த பியானோ ஆசிரியர் மதுரையிலும் ராமநாதபுரத்திலும் தேவைப்படுகிறார். இதெல்லாம் இரண்டாந்தர வாழ்க்கை என்று நான் நினைக்கவில்லை. நான் வாழ்ந்துகொண்டிருப்பதே அதில் ஒரு சிறு பகுதிதான், மனநிறைவோடு.

மச்சான் இன்னும் முழுச் சம்மதம் சொல்லவில்லை. தடைக்காலம் முடிந்து முதல் முறை தொழிலுக்குப் போய்த் திரும்பி, கையில் என்ன நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றார். முதல் பாடத்துக்கு மட்டும் போய்வர அனுமதித்திருக்கிறார். சனிக்கிழமை அவர் கடலுக்குப் போகும் நாள் என்பதால் அவளோடு நான் போகிறேன். பாக்கின் இரண்டு குரல் இன்வென்ஷன் என்ற சிறு உருப்படி ஒன்றை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் ஆசிரியர். ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன்: அந்தப் பியானோவின் கட்டை நம் வீட்டுக் கட்டையிலிருந்து எங்கே மாறுகிறது, எந்த இடத்தில் விரல் ஏமாந்தது என்று ரயிலில் திரும்பும்போது எழுதிக்கொண்டு வர. புத்தகம் வாங்கிவிட்டாள். முதல் பக்கத்தில் தேதியும் எழுதிவிட்டாள்.